குடியும் உறைவும்

சிதம்பரத்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, அறுபதைக் கடந்தபின் விவாகம் செய்துகொண்டு, மனைவியோடு சிங்கப்பூரில் வாழப் புறப்பட்ட நண்பர், கடலூரில் என் வீட்டுத் திண்ணையில் ஓய்வூதியப் புத்தகத்தை மடியில் விரித்தபடி, “குடியுரிமை இங்கேதானே, ஆகையால் வரி முழுவதும் இங்கேதானே?” என்று கேட்டபோது, ஒரு சொல் மனிதரை எவ்வளவு தூரம் வழிதவறச் செய்கிறதென்று வருந்தினேன். நம் வருமானவரிச் சட்டம் முதன்மையாக நோக்குவது பிரஜா உரிமையை அன்று, வாசத்தை. நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ தங்கினவர் இந்நாட்டு வாசி. வாசியல்லாதவர்க்கோ இங்கே விளையும் ஓய்வூதியம், வாடகை போன்றவற்றின்மேல்தான் பொதுவாக இங்கே வரி. பழந்தமிழில் ‘குடி’ குலத்தையும் குடும்பத்தையும் ஊரையும் அரசன் ஆளும் மக்களையும் ஒருங்கே குறித்தது. குடிக்கூலியில் வாசமும், குடிவாரத்தில் உழுதவன் பங்கும் இன்னும் தங்கியிருக்க, குடியுரிமை என்னும் புதுச்சொல் அதைப் பிரஜை என்ற ஒரே பொருளில் அடைத்துவிட்டது. ஆகையால் வரிக்கணக்கில் வாசியைக் ‘குடியிருப்பவர்’ என்றெழுதினும் மயக்கம் தீராது. ஈழத்தார் வழங்கும் ‘வதிவிடம்’ அழகிய சொல்லே. எனினும், தில்லையில் இறைவன் உறைகிறான் என்று நாள்தோறும் சொல்லும் நாவுக்கு ‘உறைவோர்’ என்பதே இயல்பென்பது என் அபிப்பிராயம். நண்பரின் வரிப் படிவத்து ஓரத்தில் பென்சிலால் அதையே எழுதிக்கொடுத்தேன்.