தொலைபேசி ஒட்டுக்கேட்பு (இந்தியா)

தொலைபேசி ஒட்டுக்கேட்பு என்பது இருவருக்கிடையே நடைபெறும் உரையாடலை அவர்கள் அறியாமல் மூன்றாம் தரப்பினர் கேட்பது அல்லது பதிவு செய்வது ஆகும். இந்தியாவில் தனியார் இதனைச் செய்வது குற்றமாகும். சட்டம் கூறும் சூழ்நிலைகளில் மட்டும் அரசு இதனைச் செய்யலாம். அச்சூழ்நிலைகள் எவை என்பதே தனிமனித அந்தரங்கம் தொடர்பான பல வழக்குகளின் மையக் கேள்வியாக இருந்து வருகிறது.

சட்டப் பின்னணி

பிரித்தானியர் இயற்றிய 1885 ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தின் 5(2) ஆம் பிரிவு நெடுங்காலம் இதற்கு அடிப்படையாக இருந்தது. "பொது அவசரநிலை" அல்லது "பொதுப் பாதுகாப்பு" ஆகிய இரண்டில் ஒன்று இருந்தால் மட்டுமே இப்பிரிவைப் பயன்படுத்த இயலும். 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) ஆம் பிரிவும் ஏறத்தாழ இதே சொற்களைக் கொண்டுள்ளது. இப்பிரிவு ஜூன் 26, 2024 அன்று நடைமுறைக்கு வந்தது.

குடிமக்கள் உரிமைகளுக்கான மக்கள் கழகம் தொடுத்த வழக்கில் டிசம்பர் 18, 1996 அன்று உச்ச நீதிமன்றம் சில கட்டுப்பாடுகளை விதித்தது. அவற்றின்படி உள்துறைச் செயலாளரே ஆணையிட வேண்டும். ஆணை இரண்டு மாதங்களுக்குச் செல்லும். மொத்தம் ஆறு மாதங்களைத் தாண்டக்கூடாது. ஒரு மறுஆய்வுக் குழு அதனைச் சரிபார்க்க வேண்டும். பின்னர் இவை 419அ விதியாக இயற்றப்பட்டன. ஆணையிடுபவரும் அதனை மறுஆய்வு செய்பவர்களும் அரசுச் செயலாளர்களே. நீதிபதி எவரும் இதில் இடம்பெறுவதில்லை என்பது இம்முறையின் பெருங்குறை எனலாம்.

ஆகஸ்ட் 24, 2017 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு, 2025

ஆகஸ்ட் 12, 2011 அன்று நடுவண் உள்துறை அமைச்சகம் ஒரு கல்வி நிறுவனத்தின் மேலாண் இயக்குனருடைய தொலைபேசியை ஒட்டுக்கேட்க ஆணையிட்டது. வருமான வரி அதிகாரி ஒருவருக்கு 50 இலட்சம் ரூபாய் கையூட்டு தர முயன்றதாக எழுந்த புகாரில், நடுவண் புலனாய்வுச் செயலகம் அப்பதிவுகளைச் சார்ந்திருந்தது.

ஜூலை 2, 2025 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அவ்வாணையை நீக்கினார். குற்றம் ஒன்றைக் கண்டுபிடிப்பது மட்டுமே பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ ஆகாது என்றும், இவ்விரண்டும் மறைவாக இருப்பவை அல்ல, சாதாரண மனிதனுக்கும் புலப்பட வேண்டியவை என்றும் தீர்ப்பு கூறியது. பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை. எனவே அவற்றைச் சான்றாகப் பயன்படுத்த இயலாது எனக் கூறப்பட்டது. ஒட்டுக்கேட்பைச் சாராத பிற சான்றுகளை இது பாதிக்காது. இதற்குச் சில நாட்கள் முன்னர், 2025 ஜூனில், தில்லி உயர் நீதிமன்றம் மற்றொரு வழக்கில் ஊழலைப் பொதுப் பாதுகாப்பு தொடர்பானதாகவே கருதியது.

உள்ளடங்கிய பகுதிகள்

முன்கூட்டியே ஆணை பெற இயலாத உள்ளடங்கிய பகுதிகளுக்கு 419அ விதியிலும், அதற்கு மாற்றாக டிசம்பர் 2024 இல் வந்த விதிகளிலும் விலக்கு உண்டு. மாநில அளவில் காவல்துறைத் தலைவர் (ஐ.ஜி.) நிலைக்குக் குறையாத அதிகாரி ஒப்புதல் அளிக்கலாம். மூன்று வேலை நாட்களுக்குள் உள்துறைச் செயலாளருக்குத் தெரிவித்து, ஏழு வேலை நாட்களுக்குள் உறுதி பெறாவிடின் கேட்பு நின்றுவிடும். உள்ளடங்கிய பகுதி எது என விதிகள் வரையறுக்கவில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலை போன்ற இடங்கள் அச்சொல்லுக்குப் பொருந்தலாம். ஆயினும் ஆணை பெறுவதற்கான தடை மலையில் இல்லை. கோப்பு சென்னைக்குச் செல்லும் வழியில்தான் உள்ளது.

அழைப்பு விபரப் பதிவுகள்

யார், யாரை, எப்போது, எக்கோபுரத்தின் வழியே அழைத்தார் என்பதைக் காட்டும் பதிவுகளுக்கு மேற்கூறிய காப்புகள் பொருந்தா. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 91 ஆம் பிரிவின்படி (2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94 ஆம் பிரிவு) காவல்துறை எழுத்து மூலம் கேட்டே அவற்றைப் பெறுகிறது. கோபுரங்கள் நெருங்கியுள்ள நகரில் இப்பதிவு ஒருவரை ஒரு தெருவரை காட்டிக்கொடுக்கும். கோபுரங்கள் அரிதான மலைப்பகுதியிலோ, பல சிற்றூர்களின் மக்கள் அனைவரும் ஒரே கோபுரத்தின் கீழ் பதிவாவர். அங்கு ஒருவர் இருந்தார் என்பதற்கு மேல் அது எதையும் மெய்ப்பிக்காது.

முனைக்கு முனை மறையாக்கம் உரையாடலின் உள்ளடக்கத்தைக் காக்கும். கோபுரப் பதிவை மறைக்காது.