எழுத்து வரிசையில் ஒளிந்திருந்த மருந்து

எய்ட்ஸ் வைரஸ் நம் உயிரணுவுக்குள் எவ்வாறு நுழைகிறது? அதன் உறையிலுள்ள ஜிபி 41 என்னும் புரதம் இரண்டாக மடிந்து, வைரஸையும் உயிரணுவையும் இழுத்து ஒட்டவைக்கிறது.

இந்த மடிப்பை எவரும் கண்டிராத நாளிலேயே, புரதத்தின் அமினோ அமில வரிசையைக் கணித முறையில் ஆராய்ந்தவர்களுக்கு ஒரு குறிப்புக் கிடைத்தது. ஏழாம் இடந்தோறும் ஒத்த அமிலங்கள் திரும்பத் திரும்ப வந்தன. முறுக்கிய கயிறு போன்ற சுருளுக்கு அது அடையாளம்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பகுதிகளைப் பெப்டைடு எனும் சிறு துண்டுகளாகச் செய்து பார்த்தனர். 1994-இல் அவர்கள் அறிவித்த 36 அமிலப் பெப்டைடு, மிகச் சிறிய அளவிலேயே வைரஸைத் தடுத்தது. காரணம் 1997-இல் படிக ஆய்வுகளால் தெளிவாயிற்று: பெப்டைடு முந்திக்கொண்டு சுருளில் ஒட்டிக்கொள்வதால் புரதம் மடிய இயலுவதில்லை.

பிற மருந்துகள் பயனற்றுப்போன நோயாளிகளுக்கு 2003-இல் அது என்ஃபுவிர்டைடு என்னும் ஊசிமருந்தாயிற்று. இன்று கணிப்பொறிகள் எண்ணற்ற பெப்டைடுகளைச் சலித்துத் தருகின்றன. எனினும் வழி காட்டுவதே கணக்கு, தீர்ப்பளிப்பது சோதனைக்குழாய்தான்!