‘மலையாளப் படம்’ என்ற கெட்ட வார்த்தை

தொண்ணூறுகள்ல தாம்பரம், பல்லாவரம் பக்கம் ‘மலையாளப் படம்’னா அது மொழி இல்லை, ரகம். அடூர் கோபாலகிருஷ்ணன் எடுத்ததும் மலையாளப் படம்தான். ஆனா காலைக் காட்சி போஸ்டருக்கு அர்த்தமே வேற.

1978-ல் ஐ.வி. சசியின் ‘அவளுடெ ராவுகள்’ வந்தது. ஒரு பாலியல் தொழிலாளியின் கதையை அக்கறையோடு சொன்ன படம். ‘ஏ’ சான்றிதழும் வசூலும்தான் மற்றவர்கள் கண்ணில் பட்டது. 2000-ல் ‘கின்னாரத்தும்பிகள்’ வந்தபோது ஷகீலா பெரிய நட்சத்திரம். அவர் நம்ம சென்னைக்காரர்!

பிரிட்டனிலும் இதே கதைதான். 1974-ல் ‘கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ விண்டோ கிளீனர்’ வசூலை அள்ளியது. அங்கே டிவியால், இங்கே கேபிளால் தியேட்டர் காலியான காலம். சில்லறைச் செலவில் எடுத்து, வீட்டு டிவி காட்டாததைக் காட்டினால் கூட்டம் வரும். கணக்கு அவ்வளவுதான்.

இன்று இதையெல்லாம் ஜாலியான மலரும் நினைவாகப் பேசுகிறோம். விலை கொடுத்தது யார்? அங்கே மேரி மில்லிங்டன் 1979-ல், 33 வயதில் இறந்தார். இங்கே சில்க் ஸ்மிதா 1996-ல், 35 வயதில். ஷகீலா தப்பித்தார். 2020-ல் ‘குக் வித் கோமாளி’யில் ‘அம்மா’ ஆனார்.

முகத்தை மறைச்சுக்கிட்டு டிக்கெட் எடுத்த நாம, அவரை நடுவீட்டுக்குள்ள விட இருபது வருஷம் ஆச்சு.