பொறியும் ஊர்வோரும்: உருமாறும் பொறிகளின் ஈர்ப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தேனி மாவட்டத்தில், வருசநாட்டு மலைகளினின்று இழிந்துவரும் மூல வைகையின் கரையில் அமைந்தது கடமலைக்குண்டு. அண்மையில் அவ்வூரில் உறவினர் இல்லத்தில் ஒருநாள் தங்க நேர்ந்தது. அங்குச் சிறுவர் நால்வர் கைப்பேசி ஒன்றைச் சூழ்ந்திருந்து சப்பானிய அசைவோவியப் படம் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தனர். ‘அனிமே’ என இன்று உலகெங்கும் வழங்கும் அவ்வகைப் படத்தில், வானூர்தி ஒன்று நொடிப்பொழுதில் மடங்கியும் விரிந்தும் கைகால் கொண்ட பேருருவாக எழுந்து நின்றது. இரும்பு இங்ஙனம் உருமாறுவதில் என்ன இன்பம் உளது என வினவினேன். பத்து வயதுச் சிறுவன் ஒருவன், “மாமா, உள்ள ஒரு அண்ணன் உக்காந்து ஓட்டுறாரு. அவரு பயந்துட்டா அதுவும் விழுந்துரும்” என்றான். உருமாற்றத்தைப் பற்றி வினவினேன். உள்ளிருப்பவனைப் பற்றி விடை வந்தது. அவ்விடையே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாயிற்று.

இத்தகைய படங்களைப் பற்றி நம்மிடையே இருவேறு கருத்துகள் நிலவுகின்றன. இவை முற்றிலும் அயலார் பொருள், நம் சிறுவர்க்குப் பொருந்தாதன என்பார் ஒரு சாரார். இவையெல்லாம் நம் முன்னோர் செய்து பறக்கவிட்டனவே என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் பொருந்தாமையை நம் நூல்களைக் கொண்டே காட்டலாம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். தமிழில் ‘பொறி’ என்னுஞ் சொல் இயந்திரத்தையும் குறிக்கும். கண், செவி முதலிய புலன்வாயில்களையும் குறிக்கும். உயிரற்ற கருவிக்கும் உயிருள்ள உறுப்புக்கும் ஒரு சொல்லே வழங்குதல் கருதத்தக்கது. ஐங்குறுநூற்றில் கரும்பு பிழியும் ஆலை ‘எந்திரம்’ எனப்படுகிறது. அதன் ஓசை களிற்றின் பிளிறலுக்கு எதிர்ப்பிளிறலாகச் சொல்லப்படுகிறது. பொறியின்கண் உயிரின் சாயலைக் காணும் நோக்கு மிகப் பழையது என்பது இதனாற் போதரும்.

சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை மதுரை மதிலிற் பொருத்தப்பட்ட பொறிகளைத் தொகுத்துரைக்கின்றது. தானே வளைந்து அம்பெய்யும் வில், குரங்கு வடிவிற் பாய்ந்து கடிக்கும் பொறி, மீன்கொத்திப் பறவை போலப் பாய்வது, பன்றி வடிவினது எனப் பல அங்குக் கூறப்படுகின்றன. அவற்றுட் சில விலங்கும் பறவையும் போன்றன. எனினும் அவை ஊர்வார் இல்லாதன. காவற்கருவி என்னும் அளவில் நிற்பன. அவற்றைக் கண்டு அஞ்சுகிறோம், அவற்றுக்காக இரங்குவதில்லை.

கொங்குவேளிரின் பெருங்கதைக்குரிய கதையில் பொறி கதைப்போக்கையே மாற்றுகிறது. அந்நூலின் முற்பகுதி கிடைத்திலது. உ.வே. சாமிநாதையர் 1924-இல் வெளியிட்ட பதிப்பும் இடையினின்றே தொடங்குகிறது. ஆயினும் உதயணகுமார காவியத்தால் அந்நிகழ்ச்சியை அறிகிறோம். யானையை யாழிசையால் வயப்படுத்தும் உதயணனைச் சிறைப்பிடிக்க விரும்பிய உஞ்சை வேந்தன் பிரச்சோதனன், யானை வடிவிற் பொறி ஒன்று இயற்றி, அதனுள் வீரரைக் கரந்துவைத்து விடுக்கின்றான். யானை எனக் கருதி அணுகிய உதயணன் படையைக் கண்டு பொருது சிறைப்படுகின்றான். கிரேக்கர் கதையில் திராய் நகரத்துட் புகுந்த மரக்குதிரையும் இவ்வினத்தது. இங்குப் பொறியின் உள்ளே ஆள் உண்டு. ஆனால் அவன் பகைவன். புறத்தோற்றம் ஒன்று, உள்ளிருப்பது வேறொன்று என்னும் அச்சமே இக்கதையின் ஆற்றல்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியோ இதற்கு நேர்மாறானது. தன் அழிவைக் குறிக்கும் கனவைத் தேவி விசயையிடம் கேட்ட சச்சந்தன், அவளைக் காக்கும்பொருட்டு அப்பொறியைச் செய்விக்கின்றான். துணி, பிசின், நூல், அரக்கு, மெழுகு முதலியவற்றால் ஏழு நாளில் அது செய்யப்பட்டதாம். விசை வலப்புறம் திரிந்தால் முகிலைக் கிழித்துப் பறக்கும். இடப்புறம் திரிந்தால் இறங்கிக் காலைக் குவித்து அமரும். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்தபொழுது, கருவுற்றிருந்த தேவியை அதன்மேல் ஏற்றி அனுப்பிவிட்டு மன்னன் பொருது மடிகின்றான்.

அடுத்து வரும் நிகழ்ச்சியே நம் ஆய்வுக்கு உயிர்நிலை. பகைவனின் வெற்றிமுரசு கேட்கின்றது. கணவன் மாண்டான் என உணர்ந்த விசயை உணர்விழந்து சோர்கின்றாள். மயிலும் மெல்லமெல்லச் சுடுகாட்டில் இறங்குகின்றது. அங்கே சீவகன் பிறக்கின்றான். பொறி பழுதுறவில்லை, ஊர்ந்தவள் உள்ளம் தளர்ந்தது, பொறியும் தாழ்ந்தது. கடமலைக்குண்டுச் சிறுவன் சொன்னதும் இதுவேயன்றோ!

இனிச் சப்பானிய வரலாற்றை நோக்குவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் 1956-இல் யோகோயாமா மித்சுதெரு வரைந்த ‘தெத்சுசின் 28’ என்னும் படக்கதையில், பேருருவப் பொறியைச் சிறுவன் ஒருவன் புறத்தே நின்று கைக்கருவியால் இயக்கினான். அக்கருவி எவர் கையிற் சிக்கினும் அவர்க்கே அது பணிபுரியும். திருக்குறள் நாணுடைமை அதிகாரத்து இறுதிக் குறள் நாணிலார் இயக்கத்தைக் கயிற்றால் ஆடும் மரப்பாவையின் போலி உயிருக்கு ஒப்பிடுகின்றது. தெத்சுசினும் அத்தகைய பாவையே. கயிறு மட்டும் கண்ணுக்குப் புலனாகாதது.

1972-இல் நாகாய் கோ படைத்த ‘மசிங்கர் இசட்’ இந்நிலையை மாற்றியது. அதனுள் வீரன் தானே தலைப்பகுதியில் ஏறி அமர்ந்து இயக்கினான். அப்பொறி அவன் பாட்டனார் செய்து, இறக்கும்போது விட்டுச்சென்ற உடைமை. அதனைக் கொண்டு தெய்வமும் ஆகலாம், அலகையும் ஆகலாம் என்னும் பொறுப்பு இளைஞன்மேல் வைக்கப்படுகிறது. மாள்பவன் தன் குடிக்கு விட்டுச்செல்லும் பொறி என்ற அளவில் இது சச்சந்தன் மயிலுக்கு மிக அணித்தாக நிற்றல் காண்க. 1974-இல் வந்த ‘கெட்டர் ரோபோ’வில் மூன்று ஊர்திகள் மூவேறு வரிசையில் இணைந்து வான், நிலம், நீர் ஆகியவற்றுக்கேற்ற மூவுருக் கொண்டன, மூவர் உள்ளமும் ஒன்றினாலன்றி இணைப்புக் கைகூடாது. 1982-இல் ஒளிபரப்பான ‘மாக்ராஸ்’ படத்தில், கவாமோரி ஷோஜியின் வடிவமைப்பிற் போர் வானூர்தியே மனிதவுருவாக மாறியது. சிறுவர் பெரிதும் விரும்பும் உருமாற்றம் இவ்வாறு படிப்படியாக வளர்ந்ததாகும்.

மூன்றாம் நிலையும் ஒன்று உண்டு. தகாரா என்னும் சப்பானிய நிறுவனம் 1980 முதல் விற்ற ‘டயக்ளோன்’ பொம்மைகளுள் அமர்த்தத்தக்க மிகச் சிறிய ஓட்டுநர் உருவங்கள் இருந்தன. அந்நிறுவனத்தின் பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ 1984-இல் ‘டிரான்ஸ்பார்மர்ஸ்’ எனப் பெயரிட்டு வெளியிட்டபொழுது, ஓட்டுநர் நீக்கப்பட்டார். பொறியே உயிரும் பெயரும் பெற்றது. புறத்தே இயக்குவோன், அகத்தே ஊர்வோன், பொறியே உயிர் என மூன்று நிலைகளாக இவ்வரலாற்றை வகுத்துக் காணலாம். பின்னது தோன்றியதால் முன்னது மறைந்துவிடவில்லை. மூன்றும் இன்று ஒருங்கே வழங்குகின்றன.

தமிழ்த் திரையில் 2010-இல் வெளிவந்த ‘எந்திரன்’ இம்மூன்றாம் நிலைக்குரியது. அதன் இறுதிப் போரில் எண்ணிறந்த பொறியுருக்கள் ஒன்றோடொன்று பிணைந்து உருண்டையாகவும் பாம்பாகவும் மாபெரும் மனிதனாகவும் மாறுகின்றன. அவ்வுருமாற்றம் நமக்கு வியப்பும் அச்சமும் தருகிறது. பிரச்சோதனன் யானையைப் போல உள்ளே பகை குடிகொண்டிருப்பதே காரணம். ஆனால் முடிவில் அப்பொறி தன் உறுப்புகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றிவைக்கும்போது காண்போர் கண்கலங்குகின்றனர். அங்குப் பேருருவம் இல்லை, போரும் இல்லை. உள்ளே ஓர் உள்ளம் உண்டு என்னும் உணர்வு மட்டுமே உளது. அப்படம் 2012-இல் சப்பானிலும் திரையிடப்பட்டது என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

இவற்றால் உருமாறும் பொறியின் ஈர்ப்புக்கு ஒரு காரணம் புலனாகும். உருமாற்றம் கண்ணைக் கவர்கிறது. ஆனால் மனத்தைப் பிணிப்பது, மாறும் உருவினுள் மாறாது நிற்பவர் யார் என்னும் வினா. வளரும் பருவத்துச் சிறுவர்க்கு இவ்வினா பிறர்க்கினும் நெருக்கமானது. அவர்தம் உடலும் குரலும் நாள்தோறும் மாறுகின்றன. உள்ளிருக்கும் தாம் அவரே என்னும் உறுதி அவர்க்கு வேண்டியிருக்கிறது.

இனி, தொடக்கத்திற் கூறிய இரு கருத்துகளுக்கு விடை எளிது. மயிற்பொறியைப் படைத்த மொழியில் இவ்வின்பம் அயலது எனல் பொருந்தாது. அவ்வாறே, அம்மயிலைப் பண்டை வானூர்திக்குச் சான்றாக்குதலும் பொருந்தாது. துணியும் அரக்கும் மெழுகும் கூறிய புலவர், அதனை உயர்த்தும் ஆற்றல் யாதெனக் கூறவில்லை. கூறுவது அவர் நோக்கமும் அன்று. சப்பானியர் நம்மிடமிருந்து பெற்றனர் என்பதற்கும் சான்றில்லை. இல்லாத பெருமையை ஏற்றுவோர், இருக்கும் பெருமையைக் காணத் தவறுகின்றனர். பொறியின் பறப்பையும் தாழ்வையும் ஒரு பெண்ணின் துயரத்தோடு பிணைத்துக் காட்டிய உளநூற் புலமையே தேவரின் பெருமை.

கடமலைக்குண்டிற்கு அண்மையில் மயிலாடும்பாறை என்றோர் ஊர் உளது. புறப்படுமுன் அச்சிறுவர்க்கு விசயையின் கதையைச் சொன்னேன். முன்னர் விடை கூறிய சிறுவன், “அந்த அம்மா கண்ணு முழிச்சதும் மயிலு மறுபடி பறந்துச்சா மாமா?” என்றான். அவன் கேட்டது மயிலைப் பற்றி அன்று. சிந்தாமணியை வகுப்பிற் பயிற்றுவோர் அவ்வினாவினின்று தொடங்கலாம்.