வயற்காவல் துவக்கு: முதல் பயிற்சிக்குப் போகுமுன்

துவக்கு என்ற சொல்லையே மெதுவாகச் சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனாலும் திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய், சேருவில, மூதூர் பக்கங்களில் இரவிரவாகப் பன்றிக்கு வயல் காக்கும் விவசாயி, சட்டப்படி அதற்கு விண்ணப்பிக்கலாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். யானையைச் சுட அது அனுமதியல்ல.

பயிற்சிக்குச் செருப்போடு போகாதீர்கள். மூடிய சப்பாத்து, கழுத்து மூடிய சட்டை வேண்டும். பக்கத்தில் சுடுபவரின் சூடான வெற்றுக்கோது சட்டைக்குள் விழுந்தால் ஆள் துள்ளுவார். துள்ளும்போது துவக்குக் குழாய் யார் பக்கம் திரும்பும்? வெடிச்சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், ஒரே வெடியில் செவி கெடலாம். காதடைப்பான், கண்ணாடி கட்டாயம். முடிந்ததும் கை கழுவியே சாப்பிடுங்கள், ஈயம் ஒட்டியிருக்கும்.

துவக்கில் எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினைக்கவேண்டும். சுடும் கணம்வரை விரல் விசையில் படக்கூடாது. இலக்குக்கு அப்பால் என்ன என்பதுதான் வயலில் பெரிய கேள்வி: இருட்டில் அசைவது பன்றியா, காவலுக்கு வந்த பக்கத்து வயல்காரரா?

2006இல் ஷெல்லடிக்குள் மூதூரை விட்டு ஓடியவருக்கு வெடி வெறும் சத்தமல்ல. பயிற்றுநரிடம் முதலே சொல்லுங்கள். முதல் நாள் தள்ளி நின்று கேட்டுப் பார்க்கலாம். கை நடுங்கினால் சுடாமலே திரும்பலாம், அதில் வெட்கமில்லை.

வளவில் கிண்டியெடுத்த பழைய ரவைகளைக் காட்டக் கொண்டுபோகவே வேண்டாம். தொடாமல் விட்டுப் பொலிஸுக்கு அறிவியுங்கள்.