பக்கிங்காம் கால்வாய்

சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி, கடலுக்கு இணையாக வெட்டப்பட்ட உப்புநீர்ப் படகுக் கால்வாய். ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமில் தொடங்கி விழுப்புரம் மாவட்டத்து மரக்காணத்தில் முடிகிறது. நீளம் சுமார் 420 கிலோமீட்டர். அதில் ஏறத்தாழ 257 கிலோமீட்டர் ஆந்திரத்திலும் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டிலும் உள்ளன. வடக்கே கொம்மமூர், ஏலூர், காக்கிநாடா கால்வாய்களோடு இது தொடர்புடையது. அதனால் மரக்காணத்தில் கட்டவிழ்த்த ஒரு தோணி, கடலில் இறங்காமலே காக்கிநாடா வரை போய்ச் சேர முடிந்த காலம் ஒன்று இருந்தது. இன்று சென்னையில் இந்தப் பெயரைக் கேட்டவுடன் முகத்தைச் சுளித்து மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். படகு போன வழி சாக்கடையான கதைதான் இதன் வரலாற்றில் பிற்பாதி.

வெட்டப்பட்ட விதம்

முதல் துண்டு 1806இல் முடிந்தது. பேசில் கொக்ரேன் என்ற ஸ்காட்லாந்து ஒப்பந்தக்காரரின் முதலீட்டில், சென்னையிலிருந்து எண்ணூர் வரை 18 கிலோமீட்டருக்கு வெட்டினார்கள். அதற்குக் கொக்ரேன் கால்வாய் என்றே பெயர். எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து நகரத்துக்கு உப்பு கொண்டுவருவது அதன் முக்கிய வேலை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே இன்றும் வழங்கும் 'சால்ட் கொட்டார்ஸ்' என்ற இடப்பெயர், உப்பைச் சேமித்து வைத்த கொட்டாரங்களை நினைவூட்டுகிறது. 1837இல் அரசு இக்கால்வாயைத் தன் வசம் எடுத்துக்கொண்டது. பின்னர் வடக்கே பழவேற்காடு ஏரியையும் தாண்டி நீட்டினார்கள். தெற்கே அடையாற்றில் தொடங்கிப் பாலாற்றுக்கும், அதைக் கடந்து மரக்காணத்துக்கும் கொண்டுபோனார்கள். கிழக்குக் கடற்கரைக் கால்வாய் என்ற பெயரும் அப்போது வழங்கியது.

வடக்கு, தெற்கு என்று இரண்டு கால்வாய்கள் இருந்தன. நகரத்தின் நடுவே, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையிலான சுமார் 8 கிலோமீட்டர் மட்டும் வெட்டப்படாமல் கிடந்தது. அதை வெட்ட வைத்தது தாது வருடப் பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் ஊர் ஊராக மக்கள் பட்டணம் நோக்கி நடந்து வந்தார்கள். சும்மா சோறு போடக் கூடாது, வேலை வாங்கிக்கொண்டுதான் கூலி தர வேண்டும் என்பது அன்றைய அரசின் கொள்கை. 1877இன் தொடக்கத்தில் நிவாரண வேலைகளுக்கு விதிக்கப்பட்ட கூலி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கும் குழந்தைக்கும் அதைவிடக் குறைவு. கண்டனம் எழுந்த பிறகே அது உயர்த்தப்பட்டது. எலும்பும் தோலுமாக வந்தவர்கள் கூடை கூடையாக மண் சுமந்து 1877-78இல் இந்த இடைவெளியை இணைத்தார்கள். அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரை 1878இல் கால்வாய் முழுவதற்கும் சூட்டினார்கள். பஞ்சத்தில் வெட்டிய அந்தத் துண்டுதான் இன்று மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் பறக்கும் ரயிலுக்குக் கீழே கிடக்கிறது.

இயங்கிய விதம்

இதை ஆறு என்று நினைத்துக்கொள்வதால்தான் பல தவறுகள் நேர்கின்றன. இதற்கு ஊற்றும் இல்லை, மலையும் இல்லை, சொல்லிக்கொள்ளும் சரிவும் இல்லை. கடலின் ஓதம்தான் இதன் மூச்சு. பழவேற்காடு, எண்ணூர், கூவம், அடையாறு, கோவளம், பாலாறு எனக் கரையோரத்தில் எங்கெல்லாம் முகத்துவாரம் திறந்திருக்கிறதோ அங்கெல்லாம் ஏற்றத்தில் கடல்நீர் உள்ளே வரும். வற்றத்தில் திரும்பிப் போகும். முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கால்வாய்க்கு மூச்சடைத்துவிடும்.

மணல் ஒரு சிக்கல் என்றால், இரண்டாவது சிக்கல் ஆறுகள். ஆரணியாறு, கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, பாலாறு ஆகியவை மேற்கிலிருந்து வந்து இக்கால்வாயைக் குறுக்கே வெட்டிக் கடலுக்குப் போகின்றன. மழைக்காலத்தில் அவை அள்ளிவரும் வண்டல் கால்வாய்க்குள் ஒதுங்கும். இதைத் தடுக்கத்தான் ஆற்றின் இரு கரையிலும் 'லாக்' எனப்பட்ட இரட்டைக் கதவு மதகுகளைக் கட்டினார்கள். படகு ஒரு கதவு வழியாக உள்ளே வந்து நிற்கும். நீர்மட்டம் சமமான பிறகு அடுத்த கதவு திறக்கும். நீரை நிறுத்துவது, படகை விடுவது, மணலைத் தடுப்பது ஆகிய மூன்று வேலைகளையும் அந்தக் கதவுகள் செய்தன. கதவைத் திறந்து மூட ஆள் வேண்டும், மரம் உளுத்தால் மாற்ற வேண்டும், கரை சரிந்தால் கட்ட வேண்டும், ஆண்டுதோறும் தூர் வார வேண்டும். வெள்ளம் வந்து ஆற்றைக் கழுவிவிட்டுப் போகும். மனிதர் வெட்டிய கால்வாயை மனிதர்தான் கழுவ வேண்டும்.

கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1898இல் ஏ. எஸ். ரஸ்ஸல் என்பவர் இத்திட்டத்தின் வரலாற்றை நூலாக எழுதினார். கால்வாயின் வருங்காலப் பராமரிப்புக்கான வழிகாட்டி என்பதும் அந்நூலின் தலைப்பிலேயே இடம்பெற்றிருக்கிறது. ஒரு நீர்வழியின் வரலாற்றையும் பராமரிப்பையும் ஒரே அட்டைக்குள் வைத்த அந்த எண்ணம் பிற்பாடு நம்மிடம் தொடரவில்லை.

தோணிகளின் காலம்

உப்பு, நெல், அரிசி, கருவாடு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல், கரி, சவுக்கு விறகு எல்லாம் இதில் வந்தன. சென்னையின் அடுப்புகள் பல காலம் இக்கால்வாய் கொண்டுவந்த விறகில் எரிந்தன. காற்று சாதகமாக இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். எதிர்க்காற்று அடித்தால் கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இந்தக் கால்வாய் வழியே நண்பர்களோடு மாமல்லபுரத்துக்குத் தோணியில் போன பயணத்தைப் பாடுவது. படகு இழுப்பவர் படும் பாட்டைக் கண்டு கவிஞர் வருந்தும் இடம் அதில் உண்டு. இந்த நீர் இலக்கியத்துக்குள் வருமளவுக்குத் தெளிந்திருந்தது என்பதை இளைய வாசகர்கள் அறிய வேண்டும்.

படகு நின்றபின்

1899இல் சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் நேர் ரயில்பாதை வந்தது. கால்வாயை ஒட்டியே ஓடிய அது, தொலைதூரச் சரக்கைப் பறித்துக்கொண்டது. சாலையும் லாரியும் மீதியைப் பறித்தன. 1965-66இலும் 1976இலும் வீசிய புயல்கள் கரைகளையும் மதகுகளையும் சிதைத்தன. அதன்பின் சரக்குப் போக்குவரத்து ஏறத்தாழ நின்றுபோனது. கால்வாயை மூடுகிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. படகு இருந்தவரை தூர் வாராவிட்டால் கேட்பதற்குப் படகுக்காரர் இருந்தார். வரி வசூலிக்கும் அரசுக்கும் அக்கறை இருந்தது. படகு நின்றதும் கேட்க ஆளில்லை. கேட்பாரற்ற நீர் காலி மனையாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. இக்கால்வாயின் கேட்டுக்கு வேர் இதுதான் என்று சொல்லலாம்; கழிவுநீரும் ஆக்கிரமிப்பும் அதன் பின்விளைவுகளே.

சென்னைக்குள் இது மிக வெளிப்படையாக நடந்தது. கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயில் திட்டமிடப்பட்டபோது, நிலம் கையகப்படுத்தும் தொல்லை இல்லாத வழியாகக் கால்வாயே அகப்பட்டது. சேப்பாக்கம் வரை 1995இலும், மயிலாப்பூர் வரை 1997இலும், வேளச்சேரி வரை 2007இலும் ரயில் ஓடத் தொடங்கியது. தூண்கள் கால்வாய்க்குள் இறங்கின. பல நிலையங்கள் அதன்மேலேயே எழுந்தன. முன்பு 25 மீட்டர் அகலமிருந்த நீர்வழி சில இடங்களில் 10 மீட்டருக்கும் குறைந்தது. நகரத்துக்கு ரயில் தேவைதான். ஆனால் ஒரு நீர்வழியைத் தியாகம் செய்துதான் அது வர வேண்டுமா என்ற கேள்வி அன்று போதிய அளவு கேட்கப்படவில்லை.

அதே காலத்தில் கரையோரக் குடிசைவாசிகள் ஆக்கிரமிப்பாளர்கள் எனப்பட்டு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கு மாற்றப்பட்டார்கள். இவை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தைச் சூழ்ந்த தாழ்வான பகுதிகள். பள்ளிக்கரணையின் நீர் ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர வேண்டும். கால்வாய்க் கரையிலிருந்து கால்வாயின் பொருட்டு அகற்றப்பட்டவர்களின் வாசலில் நிற்கும் மழைநீரும் வடிய வேண்டியது அதே கால்வாயில்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்மஞ்சேரி மூழ்கியதை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய கொடுமை என்பது விளங்கும்.

வடக்கே கதை வேறு. எண்ணூரில் கால்வாய் கொசஸ்தலையாற்றோடு கலந்து கழிமுகத்தை அடைகிறது. இங்கு இறாலும் நண்டும் மடவையும் பிடித்து வாழும் மீனவர்கள் உண்டு. வலையே இல்லாமல் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களும் உண்டு. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சுடுநீரும் இந்த நீரில் பல ஆண்டுகள் கலந்தன. சாம்பல் படியப் படியக் கழிமுகம் மேடானது; படகு தரைதட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய், இக்கால்வாய் வழியாகவே வந்து கழிமுகத்தில் பரவியது. வலையிலும் படகிலும் அலையாத்திச் செடிகளிலும் கரிய பிசின் ஒட்டியது. கூழைக்கடாக்களின் வெண்சிறகுகள் கறுத்துப்போயின. காட்டுக்குப்பம் மீனவர்கள் வாளியால் அந்த எண்ணெயை அள்ளிய காட்சியை நாடு முழுவதும் பார்த்தது.

இவ்வளவுக்கும் நடுவே இக்கால்வாய் ஒருமுறை தன் கடமையைச் செய்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கரையேறியபோது, பெத்தகஞ்சாம் முதல் சென்னை வரை பல இடங்களில் கால்வாய் அந்த நீரை வாங்கிக்கொண்டு, சில நிமிடங்களில் கடலுக்கே திருப்பி அனுப்பியது என்று ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். கரைக்கும் ஊருக்கும் இடையே ஒரு பள்ளம் இருந்ததால் உயிர்கள் தப்பின.

சட்டமும் திட்டமும்

2008இல் காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான கால்வாய்களும் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளின் சில பகுதிகளும் சேர்த்து, 1,078 கிலோமீட்டருக்கு தேசிய நீர்வழி 4 என அறிவிக்கப்பட்டது. முதற்கட்டப் பணி கிருஷ்ணா ஆற்றில் நடந்தது. சென்னைக்குள் ரயில் தூண்கள் நிற்கும்வரை மரக்காணத்துத் தோணி எண்ணூருக்குப் போக வழியில்லை. 2019 பிப்ரவரியில், கூவம், அடையாறு, பக்கிங்காம் ஆகியவற்றைக் காக்கத் தவறியதற்காகத் தமிழக அரசு 100 கோடி ரூபாய் செலுத்த வேண்டும் எனத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

மழைக்கு முன் ஆகாயத்தாமரையை அள்ளிக் கரையில் குவிப்பதோடு தூர்வாரல் முடிந்துவிடுவதில்லை. குவித்தது அடுத்த மழையில் உள்ளேயே சரிகிறது. வீட்டுக் கழிவுநீர் கலக்கும் குழாய்களை அடைக்க வேண்டும், முகத்துவாரங்களை மணல் மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இரு கரையையும் அளந்து எல்லைக்கல் நட வேண்டும். இவற்றைச் செய்யும்படி உங்கள் வட்டாரத்தில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் கேளுங்கள். படகு திரும்ப வருமோ வராதோ, வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் அக்டோபரிலும் வரும். பள்ளிக்கரணையின் நீர் கடலை அடைவது இன்றும் இந்தக் கால்வாய் வழியாகத்தான்.