கணிப்பொறி மொழிகளில் பிழைக்காப்பு வளர்ந்த வரலாறு

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர்க்கு இரண்டு பணிகள் உண்டு. வேண்டிய செயலை முறையாகச் சொல்லுதல் ஒன்று; அச்செயல் நடவாது போயின் என் செய்வது என்று சொல்லுதல் மற்றொன்று. கேட்ட கோப்பு கிடைக்காமற் போகலாம். ஓர் எண்ணைச் சுழியால் வகுக்க நேரலாம். நினைவகத்தில் இடம் போதாதிருக்கலாம். இந்த இரண்டாம் பணி முதற்பணியை விழுங்கிவிடாமல் காப்பது எங்ஙனம் என்பது அறுபது ஆண்டுகளாகத் தீராத வழக்கு.

1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்திற் பிறந்த சி மொழியில் இதற்கெனத் தனி ஏற்பாடு இல்லை. செயற்கூறு தன் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் ஓர் எண்ணாகத் திருப்பித் தரும். அழைத்தவர் அதனை ஒவ்வொரு முறையும் நோக்கவேண்டும். பத்து அழைப்புகள் உள்ள இடத்தில் பத்து வினாக்கள். ஒன்றை மறந்தாலும் நிரல் வாய் திறவாது மேலே செல்லும். கேடு பின்னர் வேறோரிடத்தில் தோன்றும்.

இலக்கணம் கற்றோர்க்கு இதன் குறை எளிதில் விளங்கும். விலக்குகளை எல்லாம் நூற்பாதோறும் திரும்பத் திரும்பக் கூறின் நூல் என்னாவது? அதனாலன்றோ இயலின் இறுதியிற் புறனடை வைத்தனர்! கணிப்பொறி அறிஞர் தேடியதும் அத்தகைய ஓரிடத்தையே.

சி மொழிக்கு முன்னரே, 1960-களின் நடுவில் ஐ.பி.எம். நிறுவனம் ஆக்கிய பி.எல். ஒன் மொழி ஒரு வழி காட்டிற்று. சுழியால் வகுத்தல் நேரின் இன்னது செய்க என ஒருமுறை அறிவித்தாற் போதும். அப்பகுதியிலிருந்து அழைக்கப்படும் செயற்கூறுகளினுள்ளும் அவ்வறிவிப்பு செல்லும். எழுத்து மிச்சந்தான். ஆயினும் எந்த அறிவிப்பு எவ்விடத்தில் ஆட்சி செய்கிறது என்பது படிப்போர்க்கு எளிதிற் புலப்படவில்லை. 1975-இல் ஜான் குட்இனஃப் எழுதிய கட்டுரை இத்தகைய விதிவிலக்குகளை முறைப்படி ஆராய்ந்து, புதிய குறியீட்டையும் முன்வைத்தது.

அதே பத்தாண்டில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பார்பரா லிஸ்கோவ் குழுவினர் அமைத்த குளூ மொழி கண்டிப்பு மிக்கது. ஒரு செயற்கூறு எவ்வெவ் விதிவிலக்குகளை எழுப்பும் என்பதைத் தலைப்பிலேயே சொல்லவேண்டும். அவற்றை நேரே அழைத்தவரே கையாளவேண்டும். அவை அதே பெயரில் தாமாக மேலேறிச் செல்லா. மேலே அனுப்ப விரும்புவோர்க்கென ஒரே சொல்லாலான ஏவல் தரப்பட்டிருந்தது.

1995-இல் வெளிவந்த ஜாவாவும் இத்தகைய தலைப்புக் கட்டாயத்தைக் கொண்டிருந்தது. பல விதிவிலக்குகளைப் பிடிக்கவோ அறிவிக்கவோ தவறினால், தொகுப்பி நிரலை ஏற்க மறுத்துவிடும். நோக்கம் நன்று, விளைவு வேறு. தொகுப்பியின் வாயை அடைப்பதற்காகவே வெற்றுக் காவல்களை எழுதியோர் பலர். நான்கு வகைப் பிழைக்கு ஒரே விடை என்றாலும், பொது வகை ஒன்றால் அவற்றைப் பிடிக்க விரும்பாதோர் அவ்விடையை நான்கு முறை படியெடுக்க நேர்ந்தது.

கோப்பை மூடுதலில் இத்துன்பம் உச்சத்தை எட்டிற்று. திறந்த கோப்பை, செயல் எவ்வாறு முடியினும் மூடியாகவேண்டும். மூடாதவை பெருகின் புதிய கோப்பைத் திறக்க இயக்க அமைப்பு மறுக்கும். இரவும் பகலும் ஓடவேண்டிய நிரல் அவ்விடத்தில் நின்றுவிடவும் கூடும். மூடும் ஏவலுக்குத் தனிப்பகுதி ஒன்று இருந்தது உண்மை. ஆனால் மூடுதலே ஒரு விதிவிலக்கை எழுப்பலாமே! அதற்கு உள்ளே இன்னொரு காவல்; இரண்டு கோப்புகளாயின் காவலுக்குள் காவல். மேலும், மூடும்போது எழுந்த பிழை, அதற்கு முன் எழுந்த உண்மைப் பிழையை மறைத்துவிடும். 2007-இல் ஜாவாவின் சொந்த நூலகங்களிலேயே மூடும் ஏவல் பயன்பட்ட இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு பிழையானவை என்று, அந்நூலகங்களை வடிவமைத்தோருள் ஒருவரான ஜோஷுவா பிளாக் எழுதியுள்ளார். ஆக்கியோர் வீட்டிலேயே இந்நிலை எனின் பிறர் நிலை சொல்ல வேண்டுவதில்லை.

2011 ஜூலையில் வந்த ஜாவா ஏழாம் பதிப்பு இதற்கு மருந்து தந்தது. காவலின் தலைப்பிலேயே கோப்பைத் திறந்தால், அது தானாக மூடப்படும். பின்னெழுந்த பிழை முன்னதை மறையாமல் அதனோடு இணைத்து வைக்கப்படும். பலவகைப் பிழைகளை ஒரு கோட்டால் பிரித்து ஒரே காவலில் எழுதவும் வழி பிறந்தது. சி ஷார்ப் மொழியை ஆக்கிய ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் குழுவினரோ, தலைப்புக் கட்டாயத்தைத் தொடக்கத்திலேயே ஏற்கவில்லை.

இதற்கிடையே 2009-இல் கூகுள் வெளியிட்ட கோ மொழி, பெரிதும் சி காட்டிய பழைய வழிக்கே மீண்டது. பிழை ஒரு மதிப்பாகத் திரும்பும். அதனை நோக்க மூன்று வரிகள் எழுதவேண்டும். ரஸ்ட் மொழியும் பிழையை மதிப்பாகவே தருகிறது; ஆயினும் 2016 நவம்பரில் அம்மொழியினர் அச்சோதனை முழுவதையும் ஒரு வினாக்குறியாகச் சுருக்கிவிட்டனர். கோ மொழியிலும் அவ்வாறு சுருக்க 2019-இல் ஒரு முன்மொழிவு எழுந்தது. செயற்கூறு எங்கே நின்று திரும்புகிறது என்பது கண்ணுக்கு மறைந்துபோகும் என்று பலர் எதிர்க்கவே, அது கைவிடப்பட்டது. 2025 ஜூனில், இதற்கெனப் புதிய தொடரமைப்பை இனித் தேடுவதில்லை என்று அம்மொழிக் குழுவினர் அறிவித்தனர். அந்த மூன்று வரிகள் அப்படியே நிற்கின்றன.